மருந்தை மூளையே தின்றுவிடுகிறதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்; பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறார். ரத்தத்தில் மருந்தின் அளவு 14 என்று வந்திருக்கிறது. 10 முதல் 20 வரை என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. இருந்தும் மாதம் இரண்டு முறையாவது வலிப்பு வந்துவிடுகிறது. மருந்தைச் சிதைக்கும் நொதிகள் கல்லீரலில் மட்டுமல்ல, மூளையிலும் உண்டு என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். "அப்படியென்றால் ரத்தத்தில் சரியாக இருக்கும் மருந்தை அம்மாவின் மூளையே தின்றுவிடுகிறதா சார்?" என்று கேட்கிறீர்கள். இதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூளையில் அந்த நொதிகள் உண்டா, உண்டென்றால் மருந்தின் போக்கை மாற்றும் அளவுக்கு உண்டா என்பது ஒன்று. அம்மாவுக்கு வலிப்பு நிற்காததற்கு அதுதான் காரணமா என்பது மற்றொன்று. உங்களை உறங்கவிடாதது இரண்டாவதுதான் என்று தெரிகிறது. நான் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவன், நரம்பியல் மருத்துவன் அல்ல. முதல் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்வேன். இரண்டாவதற்கு, உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்கலாம் என்பது வரைதான் என்னால் வர முடியும்.

முதலில் 'தின்பது', 'சிதைப்பது' என்ற சொற்களை ஓரமாக வைத்துவிடுவோம். வகுப்பில் மாணவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். இந்த நொதிகள் மருந்தை உருமாற்றுகின்றன, அவ்வளவுதான். ஓர் ஆக்சிஜனைச் செருகும், ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றும், சர்க்கரை போன்ற ஒன்றை வாலாக ஒட்டிவிடும். பெரும்பாலும் அதற்குப் பிறகு மருந்துக்கு வேலை போய்விடும். தண்ணீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆனால் சில மருந்துகள் மாறிய பிறகுதான் வேலையே செய்யத் தொடங்கும். இருமல் சிரப்புகளில் வரும் கோடீன் அப்படித்தான். அதில் ஒரு சிறு பங்கு மார்ஃபினாக மாறினால்தான் வலி அடங்கும். வேறு சில, மாறியதும் நஞ்சாகிவிடும். ஆகவே எவ்வளவு மாறுகிறது என்று கேட்பது போலவே, எந்த இடத்தில் மாறுகிறது என்றும் கேட்க வேண்டும். மூளை விஷயத்தில் இடம்தான் முக்கால்வாசிக் கதை.

இந்த நொதிகளில் பெரிய குடும்பம் சைட்டோகுரோம் பி450. 450 என்பது தலைக்கணக்கு அல்ல. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய நிலையில் இந்தப் புரதம் 450 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். அதனால் வந்த பெயர். ஜப்பானில் ஒமுராவும் சாட்டோவும் 1962-ல் அந்தப் பெயரோடு எழுதினார்கள். மனிதனிடம் இந்தக் குடும்பத்தில் வேலை செய்யும் மரபணுக்கள் 57. மருந்து விஷயத்தில் அடிக்கடி அடிபடுவது சிப்3ஏ4, சிப்2டி6, சிப்2சி9 என்று ஏழெட்டுப் பெயர்கள்தான் ('சிப்' என்பது சைட்டோகுரோம் பி450 என்பதன் சுருக்கம்). உங்கள் அம்மா சாப்பிடும் ஃபெனிட்டாயினைப் பெரும்பாலும் மாற்றுவது கல்லீரலில் உள்ள சிப்2சி9.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஆட்டு ஈரலில்தான் கை பழகினேன். விடிவதற்குள் கறிக்கடைக்குப் போய், வெட்டிய சூட்டோடு ஈரலை வாங்கி ஐஸில் புதைத்து எடுத்து வருவோம். அரைத்து, முதலில் மெதுவாகச் சுற்றிக் கசடு நீக்கி, பிறகு புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுற்றினால், குழாயின் அடியில் செம்பழுப்பாக, பனங்கற்கண்டுபோல் ஒளி ஊடுருவும் ஒரு படிவு நிற்கும். நொதி அதில்தான். ஒளிமானியில் வைத்தால் 450-ல் அழகாக ஒரு முகடு எழும். ஒருநாள் ஆர்வக்கோளாறில் அதே கடையில் மூளையும் வாங்கி வந்தோம். அது அரைபடும்போதே வெண்ணெய் மாதிரி இழைந்தது. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் கொழுப்பு, பாலாடைபோல் மேலே மிதந்தது. அடியில் வெளிறிய ஒரு படிவு. ஒளிமானியில் 450-ல் ஒன்றும் இல்லை. 420 பக்கம் மட்டும் ஒரு மேடு. கழுவியும் போகாமல் தங்கிவிட்ட ரத்தத்தின் ஹீமோகுளோபின் அது. என் வழிகாட்டி எட்டிப் பார்த்தார். "மூளையை வறுவலுக்கு வச்சுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். குற்றம் மூளையில் இல்லை, எங்கள் கைவேலையில்தான் என்று பிறகு புரிந்தது. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் குழு, நரம்பு நோய்க்குறியியல் பேராசிரியர் எஸ். கே. சங்கருடன் சேர்ந்து, பிரேதப் பரிசோதனையில் கிடைத்த மனித மூளையில் பி450 இருப்பதையும் அது வேலை செய்வதையும் அளந்து 1989-ல் வெளியிட்டது. மனித மூளையை நேரடியாக எடுத்துக்கொண்டு இதைச் செய்த தொடக்க கால ஆய்வுகளில் அது ஒன்று. நம் பக்கத்து ஊரில் நடந்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் நிறைய வேலை நடந்துவிட்டது. 'மூளையில் உண்டா' என்பது இன்று விவாதத்துக்குரியதே அல்ல. உண்டு.

அளவு என்று பார்த்தால், மொத்த மூளையையும் அரைத்து அளக்கும்போது கல்லீரலில் இருப்பதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தேறும். சில ஆய்வுகளில் சற்றுக் கூடுதலாக வரும். இதை வைத்து "உடம்பிலிருந்து மருந்தை வெளியேற்றுவதில் மூளைக்குப் பங்கில்லை" என்று சொன்னால் அது சரி. ஆனால் "மூளைக்குள்ளும் அதனால் ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அது தவறு. மாவட்டத்தின் சராசரி மழையைப் பார்த்து ஒரு கிராமத்துக் கண்மாய் நிறைந்ததா என்று சொல்ல முடியாது அல்லவா, அதே கதை. கல்லீரலில் பெரும்பாலான செல்கள் ஒரே சாதி. நொதி பரவலாக இருக்கும். மூளையில் அது குறிப்பிட்ட சில நரம்புச் செல்களிலும், அவற்றைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளிலும், நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் குவிந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட ஒரு தனிச் செல்லை எடுத்துக்கொண்டால், கல்லீரல் செல்லோடு ஒப்பிடத்தக்க அளவு இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அங்கே அவை மருந்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றுக்குச் சொந்த வேலை இருக்கிறது. உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்பின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கு அங்கேதான் இருக்கிறது. அந்தக் கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்துக்கு வெளியேற முடியாது. சிப்46ஏ1 என்ற நொதி அதில் ஒரு ஆக்சிஜனைச் சேர்த்தால்தான், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டும். எச்.ஐ.வி.க்குத் தரும் எஃபாவிரென்ஸ் குறைந்த அளவில் இந்த நொதியைத் தூண்டுகிறது, அதிக அளவில் அடக்குகிறது. இதைப் பார்த்துவிட்டு அந்த மருந்தை அல்சைமர் நோய்க்குச் சிறிய அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அது தனிக் கதை, விடுவோம்.

இப்போது, மூளைக்குள் நடக்கும் உருமாற்றம் மனிதருக்கு உண்மையிலேயே முக்கியம் என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய இடங்களுக்கு வருகிறேன். வேடிக்கை என்னவென்றால், அவை பெரும்பாலும் இந்தப் பிரபலமான பி450 குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பழைய, எளிய நொதிகள்.

பார்கின்சன் நோயாளிகள் சாப்பிடும் லெவோடோபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயில் மூளையில் குறைவது டோபமைன் என்ற பொருள். டோபமைனையே கொடுத்தால் ரத்த மூளைத் தடுப்பைத் தாண்டாது. லெவோடோபா தாண்டும், உள்ளே போனதும் டோபா டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதை டோபமைனாக்கும். ஆனால் அதே நொதி குடல் சுவரிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ஏராளமாக இருக்கிறது. தனியாகக் கொடுத்தால் வழியிலேயே மாறிப்போய், மூளைக்குச் சேர்வது நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். 1967-ல் கோட்ஸியாஸ் முதன்முதலில் வெற்றிகரமாகக் கொடுத்தபோது கிராம் கணக்கில் கொடுக்க வேண்டியிருந்ததும், நோயாளிகள் குமட்டலில் தவித்ததும் இதனால்தான். பிறகு கார்பிடோபா சேர்ந்தது. அது இந்த நொதியை அடக்கும். ஆனால் தானே மூளைக்குள் போகாது. ஆகவே வெளியே இருக்கும் நொதி மட்டும் அடங்கும், உள்ளே இருப்பது வேலை செய்துகொண்டே இருக்கும். லெவோடோபாவின் தேவை ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்தது. நொதி ஒன்றே, இரண்டு இடங்களில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பூட்டுப் போடுகிறோம். இடம் என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பூனைக்காலி விதையில் இருப்பதும் இதே லெவோடோபாதான். ஆனால் அதில் கார்பிடோபா இல்லை. 'இயற்கையானது' என்று அதை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

இன்னொரு சம்பவம் கொடுமையானது. 1982-ல் கலிஃபோர்னியாவில், இளம் வயதினர் சிலர் திடீரென உடல் உறைந்துபோய், பேசவும் முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். முற்றிய பார்கின்சன் போலவே இருந்தது. எல்லோரும் திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட செயற்கை ஹெராயினை ஊசி போட்டுக்கொண்டவர்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கினார். தயாரிப்பில் நேர்ந்த பிழையால் எம்பிடிபி என்ற ஒரு வேதிப்பொருள் கலந்துவிட்டிருந்தது. அந்த எம்பிடிபி நேரடியான நஞ்சு அல்ல. அது எளிதாக மூளைக்குள் போகிறது. அங்கே ஆஸ்ட்ரோசைட்டுகளில் இருக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி (சுருக்கமாக மாவோ-பி) அதை எம்பிபி பிளஸ் என்ற அயனியாக மாற்றுகிறது. டோபமைன் செல்கள் அதை டோபமைன் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அது அவற்றின் மைட்டோகாண்டிரியாவை முடக்கிக் கொன்றுவிடுகிறது. மாவோ-பியை முன்கூட்டியே செலிஜிலின் கொடுத்து அடக்கிவிட்டால் குரங்குகளுக்கு அதே எம்பிடிபியால் ஒன்றும் ஆகவில்லை. மூளையின் நொதியே நஞ்சை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இதிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. எலிகளுக்கு எம்பிடிபி கொடுத்துப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், எலிக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன் என்று தோண்டியபோது தெரிந்தது: எலியின் மூளை ரத்தக் குழாய்ச் சுவரிலேயே மோனோஅமைன் ஆக்சிடேஸ் நிறைய இருக்கிறது. எம்பிடிபி வாசலிலேயே அயனியாக மாறிவிடுகிறது. அயனியால் தடுப்பைத் தாண்ட முடியாது. மனிதனில் உள்ளறையில் நஞ்சை உண்டாக்கும் நொதி, எலியில் வாயிற்காவலனாக நிற்கிறது. வேதிவினை அதேதான். நின்ற இடம் வேறு, விளைவு தலைகீழ். எலியில் கண்டதை அப்படியே அம்மாவின் மூளைக்குப் பொருத்தக் கூடாது என்று நான் தயங்குவதற்கும் இதுதான் காரணம்.

உயிருள்ள மனிதரின் மூளையிலேயே மாவோ-பியை அளந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜோவன்னா ஃபவுலரின் குழு, கதிரியக்கக் கார்பனை ஒட்டிய மருந்தைச் செலுத்தி பெட் ஸ்கேனில் படம் எடுத்தது. புகைப்பவர்களின் மூளையில் இந்த நொதி புகைக்காதவர்களைவிட 40 சதவீதம் குறைவு என்று 1996-ல் வெளியிட்டார்கள். பிறகு பார்த்தபோது அவர்களுடைய இதயம், நுரையீரல், சிறுநீரகத்திலும் குறைவாகவே இருந்தது. காரணம் நிகோட்டின் அல்ல, புகையில் இருக்கும் வேறு பொருள்கள். செலிஜிலினால் ஒருமுறை முடங்கிய மாவோ-பி மனித மூளையில் பாதியளவு மீண்டு வரவே சுமார் 40 நாள் ஆகிறது என்பதும் அந்தக் குழு கண்டதுதான். மருந்து ரத்தத்திலிருந்து ஓரிரு நாளில் போய்விடும், அதன் தடம் மூளையில் மாதக்கணக்கில் கிடக்கும். ரத்த அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பிடிபடவே பிடிபடாது.

மூளையைத் தவிர மற்ற இடங்களைப் பற்றியும் ஓரிரு வரி. மருந்துக்குக் கல்லீரலுக்கும் முன்னால் இருக்கும் சுங்கச்சாவடி சிறுகுடல். அதன் சுவரில் சிப்3ஏ4 நிறைய. கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். மருந்தளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக எகிறியது. குற்றவாளி மது அல்ல, சாறுதான். அந்தப் பழத்தில் உள்ள பொருள்கள் குடல் சுவரின் சிப்3ஏ4-ஐ நிரந்தரமாகவே முடக்குகின்றன. செல் புதிதாக நொதி செய்தால்தான் உண்டு. நம் பம்பளிமாஸ் அந்தப் பழத்தின் தாய்வழிச் சொந்தம், அதே வகைப் பொருள்கள் அதிலும் இருக்கின்றன. குடலில், மாவோ-பியின் உடன்பிறப்பான மாவோ-ஏவும் இருக்கிறது. பழைய மனச்சோர்வு மாத்திரைகள் அதை அடக்கியதால், பாலாடைக்கட்டி சாப்பிட்டவர்களுக்கு அதிலுள்ள டைரமின் என்ற பொருள் தடையின்றி உள்ளே போய் ரத்த அழுத்தம் வானத்துக்கு ஏறியது. இதை 1963-ல் பேரி பிளாக்வெல் எழுதினார். நுரையீரல், சிறுநீரகம், தோல், மூக்கின் உள்சவ்வு எல்லாவற்றிலும் தத்தம் பங்குக்கு நொதிகள் உண்டு. அவற்றைப் பட்டியல் போட்டு உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்.

இனி, ஐயத்துக்கு இடமான பக்கம். கோடீனைக் கல்லீரலில் மார்ஃபினாக்குவது சிப்2டி6. இந்த நொதி மூளையிலும் இருக்கிறது. அப்படியானால் மூளைக்குள்ளேயே கோடீன் மார்ஃபினாகி, அங்கேயே வலியை அடக்குகிறதா? டொரண்டோவில் ரேச்சல் டின்டேலின் குழு எலிகளில் இதை அழகாகச் சோதித்தது. இதே வேலையைச் செய்யும் எலி நொதியை, மூளையில் மட்டும் அடங்குமாறு தடுப்பானை நேரே மூளைக்குள் செலுத்தினார்கள். மூளையில் மார்ஃபின் குறைந்தது, வலி அடங்குவதும் குறைந்தது. மயக்க மருந்தான புரோபோஃபாலிலும் இப்படியே: எலி மூளையின் சிப்2பியை அடக்கினால் தூக்கம் நீண்டது. மனிதரைப் பற்றி இருப்பது மறைமுகச் சான்று. புகைத்தவர்களின் மூளையை இறப்புக்குப் பின் பார்த்தபோது சில இடங்களில் சிப்2டி6, சிப்2பி6 கூடுதலாக இருந்தன. ஆனால் உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் மட்டும் ஒரு பி450-ஐ அடக்கி, வலி எப்படி மாறுகிறது என்று பார்க்க நமக்கு வழி இல்லை. இறந்த மூளையிலோ, நேரம் ஆக ஆக நொதி கெட்டுவிடும்; புரதம் தெரிவதாலேயே அது வேலை செய்தது என்றும் ஆகிவிடாது. நம் நாட்டு ஆய்வொன்றே இதற்கு உதாரணம். சிப்2டி7 என்ற, செத்த மரபணு என்று எல்லோரும் ஒதுக்கிய ஒன்று, சிலரின் மூளையில் உயிர்பெற்றுக் கோடீனை மார்ஃபினாக்குகிறது என்று 2004-ல் ரவீந்திரநாத்தின் குழு எழுதியது. அடுத்த ஆண்டே வேறொரு குழு, வேலை செய்யும் புரதம் உருவாவதற்குத் தங்கள் சோதனையில் ஆதரவு கிடைக்கவில்லை என்றது. எந்தக் குழுவையும் குறை சொல்ல மாட்டேன். கையில் கிடைப்பது சிட்டிகை அளவு திசுவும் அதில் துளி அளவு நொதியும் என்றால், இப்படித்தான் இழுபறியாகும்.

வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமாலும் இந்த வரிசையில் வருவது பலருக்குத் தெரியாது. கல்லீரல் அதில் ஒரு சிறு பங்கிலிருந்து அசிட்டைல் தொகுதியைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது மூளைக்குப் போய், அங்கே ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைந்து ஏஎம்404 என்ற பொருளாகிறது என்று சுவீடனின் லுண்ட் நகரக் குழு 2005-ல் எலிகளில் காட்டியது. அந்தப் பொருள் போய்த் தொடும் வாங்கிகளில் (செல்லில் மருந்து வந்து ஒட்டும் இடங்கள், ரிசெப்டர்) ஒன்று, மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்தும் அதே வாங்கி. பிறகு பாராசிட்டமால் எடுத்த மனிதர்களின் தண்டுவட நீரிலும் ஏஎம்404 தென்பட்டிருக்கிறது. காய்ச்சலையும் வலியையும் இது எவ்வளவு தூரம் விளக்குகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு இது பாதிக்கு மேல் நம்பிக்கை.

சரி, வலிப்புக்கு வருவோம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்காக அறுவை செய்து அகற்றிய மூளைத் திசுவை ஆராய்ந்தவர்கள், அதன் நுண் ரத்தக் குழாய்ச் சுவரில் சிப்3ஏ4 முதலான நொதிகள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அந்தச் செல்களை வளர்த்துப் பார்த்தபோது, கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தை அவை உருமாற்றவும் செய்தன. அதே சுவரில் பி-கிளைகோபுரதம் என்ற வெளியேற்றும் பம்பும் இருக்கிறது. அது எவ்வளவு வலுவானது என்பதற்கு வயிற்றுப்போக்கு மாத்திரையான லோபராமைடு போதும். அது ஓபியம் வகையைச் சேர்ந்தது; ஆனாலும் வழக்கமான அளவில் போதை ஏறாததற்கு முக்கியக் காரணம், உள்ளே நுழைந்ததை அந்தப் பம்பு திருப்பித் தள்ளிவிடுவதுதான். ஆக, நீங்கள் படித்தது கட்டுக்கதை அல்ல. ஆனால் நொதி கூடியதால் வலிப்பு அடங்கவில்லையா, வலிப்பும் பல வருட மாத்திரையும் சேர்ந்து நொதியைக் கூட்டிவிட்டனவா என்பது அந்தத் திசுவைப் பார்த்தால் தெரியாது. ஃபெனிட்டாயினே சிப்3ஏ4-ஐக் கூட்டக்கூடிய மருந்து. தவிரவும், இதை ஒரு நோயாளியிடம் கண்டுபிடிக்கப் பரிசோதனை எதுவும் புழக்கத்தில் இல்லை, கண்டுபிடித்தாலும் கொடுக்க மருந்து இல்லை. எனவே 'மூளை தின்கிறது' என்ற எண்ணத்தை இப்போதைக்குக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள் என்பதே என் கருத்து.

முன்வரிசையில் உட்கார வேண்டியவை சாதாரணமானவை. அந்த 14, ரத்தத்தில் இருக்கும் மொத்த ஃபெனிட்டாயின். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூளைக்குப் போவது ஒட்டாத மீதிதான். வயதானவர்களுக்கு அல்புமின் குறைந்திருந்தால், அதே 14-க்குள் ஒட்டாத பங்கு கூடியிருக்கும். நடக்கும்போது தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது போன்றவை இருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த மருந்தில் ஒரு விசித்திரமும் உண்டு. சிப்2சி9-க்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை நெருங்கிய பிறகு தினசரி 50 மில்லிகிராம் கூட்டினாலே ரத்த அளவு தாவிவிடும். ஒவ்வொருவருக்கும் அந்த எல்லை எங்கே என்பதில் மரபணுவுக்குப் பங்குண்டு. புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறை இதைத் தென்னிந்தியர்களிடமே ஆராய்ந்திருக்கிறது. ஆகவே வலிப்பு நிற்கவில்லையே என்று நீங்களாக அரை மாத்திரை கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் கம்பெனி மாற்றிக் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஃபெனிட்டாயின் கேப்சூலில் சேர்க்கும் வெறும் நிரப்புப் பொருளை மாற்றியதற்கே பலருக்கு நச்சு அறிகுறிகள் வந்தன.

அதைவிட முக்கியமாக, அம்மாவுக்கு வருவது எந்த வகை வலிப்பு என்பதும், அந்த வகைக்கு ஃபெனிட்டாயின் பொருத்தமா என்பதும் உங்கள் மருத்துவர் பதில் சொல்ல வேண்டியவை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால்தான் 'மருந்துக்கு அடங்காத வலிப்பு' என்ற பெயரே வைப்பார்கள். வலிப்புள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அந்த நிலைக்கு வருகிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு மருந்துதான் தெரிகிறது. இன்னும் அங்கே போகவில்லை.

அடுத்த முறை போகும்போது வலிப்பு வந்த நாள், நேரம், முந்தின வேளை மாத்திரை போட்டாரா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். நரம்பியல் மருத்துவருக்கு என் பதிலைவிட அந்த அரை நிமிடம் அதிகம் சொல்லும். ரத்தம் எடுத்தது காலை மாத்திரைக்கு முன்பா பின்பா என்று பழைய ரசீதில் நேரம் இருந்தால் பாருங்கள். அல்புமின் அளவும் பார்த்திருந்தால் இரண்டையும் இங்கேயே எழுதுங்கள், அந்த 14-ஐத் திரும்ப ஒருமுறை சேர்ந்து பார்ப்போம்.